புது ரேடியேட்டர் போட்ட பிறகும் சூடு ஏறினால்: அறிகுறியை வைத்துக் கோளாறு பிடிப்பது

பிளாஸ்டிக் டேங்க் வைத்த ஒரிஜினல் ரேடியேட்டரைக் கழற்றிவிட்டு, 42 அல்லது 52 மில்லிமீட்டர் தடிமனுள்ள முழு அலுமினிய ரேடியேட்டர் மாட்டிய ஸ்போர்ட்ஸ் காரில் சூடு குறையவில்லை என்றால், பெரும்பாலும் கோளாறு ரேடியேட்டருக்குள் இருக்காது. அதற்குள் காற்று புகவில்லை, அல்லது தண்ணீர் (கூலண்ட்) ஓடும் பாதையில் ஏர் அடைத்திருக்கிறது, அல்லது ரேடியேட்டர் மூடி சரியாக உட்காரவில்லை, அல்லது ஃபேனுக்குப் போதிய கரண்ட் வரவில்லை. இன்னும் பெரிய ரேடியேட்டர் வாங்குவதற்கு முன் இந்த நான்கையும் பார்த்துவிட வேண்டும். தடிமன் கூடக் கூட அதன் வழியாகக் காற்றைத் தள்ளுவது கடினம். காற்றுப் பாதையைச் சரிசெய்யாமல் 52 மில்லிமீட்டர் ரேடியேட்டர் போட்டால், டிராஃபிக்கில் பழைய மெல்லிய ரேடியேட்டரைவிட மோசமாக நடந்துகொள்ளவும் கூடும்.

முதலில் அளவு எடுங்கள்

டேஷ்போர்டு முள்ளை நம்பிக் கோளாறு பிடிக்க முடியாது. பல கார்களில் 75 முதல் 105 டிகிரி வரை முள் நடுவிலேயே நிற்கும்படி வைத்திருப்பார்கள். அது நகரும்போது காரியம் கெட்டிருக்கும். ஓபிடி ரீடரை (வண்டியின் சோதனை சாக்கெட்டில் மாட்டும் கருவி) மாட்டி, இசியு (இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டர்) பார்க்கும் கூலண்ட் சூட்டைப் படியுங்கள். ஓபிடி இல்லாத பழைய வண்டியில் தனி சென்சாரும் மீட்டரும் போட்டே ஆக வேண்டும்.

தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) எந்த டிகிரியில் திறக்கிறது என்பது அதன் உடலிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்: 76, 82, 88 போன்ற எண்கள். சாதாரண ஓட்டத்தில் கூலண்ட் அந்த எண்ணுக்கு மேல் 5 முதல் 12 டிகிரிக்குள் நிற்க வேண்டும். 105 தொட்டால் வேகத்தைக் குறைத்து, ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் போடுங்கள். 110 தாண்டினால் ஓரம் கட்டுங்கள். அலுமினிய ஹெட் வளைந்துவிட்டால் ரேடியேட்டர் செலவு ஒரு செலவாகவே தெரியாது.

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் நல்லது, ஆனால் அலுமினிய டேங்க் மேல் நேராகப் பிடிக்காதீர்கள். பளபளப்பான அலுமினியம் தன் சூட்டை வெளிவிடாமல் சுற்றுப்புறத்தைப் பிரதிபலிக்கும். உள்ளே 90 டிகிரித் தண்ணீர் ஓடும்போது மீட்டர் 35 என்று காட்டி உங்களை ஏமாற்றும். தண்ணீர் நுழையும் வாய்க்குப் பக்கத்தில் ஒன்று, வெளியேறும் வாய்க்குப் பக்கத்தில் ஒன்று என்று இரண்டு அங்குலக் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதன் மேல் பிடியுங்கள். இரண்டுக்கும் நடுவே வழக்கமாக 5 முதல் 10 டிகிரி வித்தியாசம் இருக்கும். வண்டி சூடாகும் நேரத்தில் வித்தியாசம் 2, 3 டிகிரிதான் என்றால் காற்று சூட்டை எடுக்கவில்லை. 20 டிகிரிக்கு மேல் என்றால் தண்ணீர் போதிய அளவு ஓடவில்லை. பாதிக் குழப்பம் இந்த ஓர் அளவிலேயே தீர்ந்துவிடும்.

சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. 1.1 பார் (அழுத்த அளவு) மூடிக்குக் கீழே, பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் ஏறக்குறைய 128 டிகிரி வரை கொதிக்காமல் அடங்கி இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அதன் கொதிநிலை 107 டிகிரிக்கு இறங்கிவிடும்; உள்ளே இருப்பது மொத்தமும் முகத்தில் பொங்கும். மேல் ஹோஸை வெறுங்கையால் பிடிக்க முடிந்து, அமுக்கினால் தளர்வாக இருந்தால் மட்டும் திறக்கலாம்.

நிற்கும்போது சூடு ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது

ஓடும்போது இறங்குகிறது என்றாலே ரேடியேட்டரும் வாட்டர் பம்பும் வேலை செய்கின்றன என்று அர்த்தம். ஃபேன் பக்கம் போங்கள்.

ஃபேனை ஓடவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை ரேடியேட்டரின் முன்முகத்தில் வையுங்கள். ஏசி கண்டென்சர் (ஏசியின் சூட்டை வெளியேற்றும், ரேடியேட்டர் போன்ற பாகம்) முன்னால் இருந்தால் அதன் முகத்தில். தாள் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். விலகிப் பறந்தால் ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. பின்னால் மாட்டும் இழுக்கும் ஃபேனையும் முன்னால் மாட்டும் தள்ளும் ஃபேனையும் மாற்றிப் போட்டுவிடுவது இந்த வேலையில் அடிக்கடி நடப்பது. வயரை மாற்றிக் கொடுத்தால் சுற்றும் திசை மாறும். ஆனால் வளைந்த இறக்கை உள்ள ஃபேனில் இறக்கையையும் கழற்றித் திருப்பிப் போட்டால்தான் முழுக் காற்று கிடைக்கும்.

திசை சரியாக இருந்தால் வோல்ட் பாருங்கள். இன்ஜின் ஓடி, ஃபேனும் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஃபேன் கனெக்டரின் இரண்டு வயரிலும் மல்டிமீட்டரை வையுங்கள். பேட்டரியில் 14 வோல்ட் இருந்தால் இங்கே 13.5 வோல்ட்டாவது இருக்க வேண்டும். 11.5, 12 என்று காட்டினால் வயர் மெலிது, அல்லது எர்த் சரியில்லை. 12 அங்குல ஃபேன் ஒவ்வொன்றும் 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பெரியது 20, 25 கூட இழுக்கும். கிளம்பும் நொடியில் அதுவே இரண்டு மூன்று மடங்கு. இதற்கு 4 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர், ஃபேன் ஒன்றுக்கு ஒரு ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்), ஒரு 30 ஆம்பியர் ஃபியூஸ் வேண்டும். ரிலேயில் 30 என்று எழுதிய முனை பேட்டரிக்கு, 87 ஃபேனுக்கு, 85, 86 இரண்டும் சுவிட்ச் பக்கம். எர்த் வயரை பாடியில் பெயின்ட் சுரண்டிய இடத்தில் முறுக்குங்கள். ரேடியேட்டர் பிராக்கெட்டில் எர்த் எடுக்கவே எடுக்காதீர்கள். காரணம் கசிவுப் பகுதியில் வருகிறது.

பிறகு ஷ்ரவுட், அதாவது ஃபேனைச் சுற்றி ரேடியேட்டர் முகத்தை மூடும் கூடு. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 650க்கு 400 மில்லிமீட்டர் அளவுள்ள ரேடியேட்டர் முகத்தின் பரப்பு 0.26 சதுர மீட்டர். அதில் 12 அங்குல ஃபேன் இரண்டு வைத்தால் அவை மூடுவது 0.146 சதுர மீட்டர்தான். ஷ்ரவுட் இல்லாமல் ஃபேனை நேராக ரேடியேட்டரோடு ஒட்டி மாட்டினால் மீதி 44 சதவீதத்தில் காற்று ஏறக்குறைய நகராது. ஷ்ரவுட் முழு முகத்தையும் மூட வேண்டும், ஃபேன் இறக்கைக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே 20 முதல் 25 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும், ஓரங்களில் ஃபோம் வைத்து அடைக்க வேண்டும். ஃபேனோடு வரும் பிளாஸ்டிக் டையை ரேடியேட்டர் ஃபின் (குழாய்களுக்கு நடுவிலுள்ள மெல்லிய தகடு) வழியாகக் குத்திக் கட்டும் முறையை விட்டுவிடுங்கள். அதிர்வில் அந்த டை குழாயை அறுத்து, ஒரு நாள் ஓட்டை போடும்.

இவை எல்லாம் சரி, இன்னும் நிற்கும்போது ஏறுகிறது என்றால், இன்ஜின் பக்கமிருந்து சூடான காற்று சந்து வழியாக முன்னால் வந்து மறுபடியும் உள்ளே போகிறதா என்று பாருங்கள். கண்டென்சருக்கு முன்னால் ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிடுங்கள். வெளிக்காற்றைவிட 10, 15 டிகிரி கூடுதலாகக் காட்டினால் அதேதான். பக்கச் சந்துகளை அடைப்பதுதான் வைத்தியம்.

ஃபேன் சுவிட்ச் அளவிலும் தவறு நடக்கும். 82 டிகிரி தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்கவே 95 டிகிரி வரை ஆகலாம். இன்ஜினிலிருந்து தண்ணீர் வெளிவரும் இடத்தில் சென்சார் இருந்தால் 92 முதல் 95க்குள் ஃபேன் ஓட ஆரம்பித்து, 5, 6 டிகிரி இறங்கியதும் நிற்கட்டும். சென்சார் ரேடியேட்டரின் வெளியேறும் பக்கத்தில் இருந்தால் அந்தத் தண்ணீர் ஏற்கெனவே ஆறியது. 8, 10 டிகிரி குறைத்து வையுங்கள். இதைக் கவனிக்காமல் 95 வைத்தால் இன்ஜின் 105 தொட்ட பிறகுதான் ஃபேன் விழிக்கும்.

நிற்கும்போது சரி, வேகமாகப் போனால் ஏறுகிறது

மாற்றங்கள் செய்த வண்டியில் அதிகம் வருவதும், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். காற்று எப்போதும் சுலபமான வழியில்தான் போகும். பம்பர் வாய் வழியாக வரும் காற்றுக்கு, ரேடியேட்டருக்குப் பக்கத்தில் இரண்டு விரல் சந்து கிடைத்தால், 52 மில்லிமீட்டர் தடிமனுக்குள் ஏன் நுழையப் போகிறது? இன்டர்கூலர் (டர்போ காற்றை ஆற்றுவது), ஆயில் கூலர், கண்டென்சர் என்று முன்னால் அடுக்கியிருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

முன்பம்பரைக் கழற்றிவிட்டு, பம்பர் வாயிலிருந்து ரேடியேட்டர் வரை விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். விரல் நுழையும் இடமெல்லாம் ஓட்டை. 1 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டை மடித்து இரண்டு பக்கமும், மேலும், கீழும் தடுப்பு வையுங்கள். தகடும் ரேடியேட்டரும் சேரும் ஓரத்தில் தண்ணீர் குடிக்காத ஃபோம் ஒட்டுங்கள். இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவிலுள்ள இடைவெளியையும் அடைத்துவிடுங்கள். பலரும் விட்டுவிடுவது அந்த இடத்தைத்தான். கழற்றி மூலையில் போட்ட அடித்தட்டைத் திரும்ப மாட்டுங்கள். அது இல்லாவிட்டால் சாலைக் காற்று கீழிருந்து இன்ஜின் அறைக்குள் ஏறி அழுத்தத்தைக் கூட்டும். முன்னால் வரும் காற்றுக்கு வெளியேற வழி இருக்காது.

அடைத்தது பலித்ததா என்று ஊகிக்க வேண்டியதில்லை, அளக்கலாம். மெல்லிய டியூப் இரண்டு எடுங்கள். ஒன்றின் முனை ரேடியேட்டருக்கு முன்னால், மற்றதன் முனை பின்னால், ஷ்ரவுடுக்குள். மறுமுனை இரண்டையும் வண்டிக்குள் கொண்டுவந்து, கலர் தண்ணீர் ஊற்றிய யு வடிவக் கண்ணாடிக் குழாயின் இரண்டு வாயிலும் மாட்டுங்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்றின் முழு அழுத்தம் ஏறக்குறைய 47 மில்லிமீட்டர் தண்ணீர் உயரம். அதில் ஒரு நல்ல பங்கு இரண்டு பக்கத் தண்ணீர் மட்டங்களின் வித்தியாசமாகத் தெரிய வேண்டும். 5 மில்லிமீட்டர்கூட வரவில்லை என்றால் காற்று ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு போகிறது. தடுப்பு வைப்பதற்கு முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் அளந்து எழுதிவையுங்கள். ஓட்டும்போது பக்கத்தில் இருப்பவர்தான் குழாயைப் பார்க்க வேண்டும்.

வேகத்தில் ஷ்ரவுடே தடையாவதும் உண்டு. ஃபேன் வட்டத்துக்கு வெளியே தகடு மட்டும் இருக்கும் மூலைகளில் காற்று முட்டி நிற்கும். அங்கே சதுர ஓட்டை வெட்டி, மேல் ஓரத்தில் மட்டும் பிடித்த ரப்பர் மடல் தொங்கவிடுங்கள். வேகத்தில் காற்று அதைத் திறக்கும். நிற்கும்போது ஃபேன் அதை இழுத்து மூடிக்கொள்ளும்.

காற்றுப் பாதை சரி, நுழைவுக்கும் வெளியேற்றத்துக்கும் 20 டிகிரி வித்தியாசம் என்றால் தண்ணீர் பக்கம் வாருங்கள். வண்டியை நிறுத்தி, நல்ல சூட்டில், ஒருவர் 4,000 ஆர்பிஎம் வரை ஏற்றட்டும். நீங்கள் கீழ் ஹோஸைப் பாருங்கள். அது பம்ப் உறிஞ்சும் பக்கம். ஹோஸ் தட்டையாக ஒட்டினால் உள்ளே சுருள் கம்பி இல்லை, அல்லது சிலிக்கான் ஹோஸ் மெலிது, அல்லது ரேடியேட்டர் அடைத்திருக்கிறது. புது ரேடியேட்டர் அடைக்குமா என்று கேட்கலாம். வெல்டிங் துகளும் பிரேசிங் ஃபிளக்ஸ் பொடியும் உள்ளே கிடப்பது உண்டு. அதனால்தான் மாட்டுவதற்கு முன் இரண்டு வாயிலும் மாறி மாறிச் சுடுதண்ணீர் ஊற்றி, குலுக்கி, தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவ வேண்டும். சிறிய கிராங்க் புல்லி போட்டு பம்ப் வேகத்தைக் குறைத்திருந்தாலும் இதே அறிகுறிதான்.

கூலண்டை 70 சதவீதம் ஊற்றினால் குளிர்ச்சி கூடும் என்பது தவறு. சூட்டைச் சுமப்பதில் தண்ணீர்தான் கெட்டிக்காரன். கூலண்டிலுள்ள கிளைகால் என்ற ரசாயனம் கூடக் கூட அந்தத் திறன் குறையும். 50க்கு 50, டிஸ்டில்டு வாட்டரோடு. உறைபனி இல்லாத இடத்தில் கம்பெனி அனுமதிக்கும் குறைந்தபட்ச அளவு போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் லோடில் (இன்ஜின் கடினமாக உழைக்கும்போது) மட்டும் ஏறினால் இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருக்கிறதா, மிக்சர் லீனா (பெட்ரோல் குறைவா) என்று டியூனரிடம் காட்டுங்கள். அந்தச் சூட்டை எந்த ரேடியேட்டரும் விரட்டாது.

முள் ஏறி இறங்கிக் குதிக்கிறது, ஹீட்டரில் குளிர்ந்த காற்று

ஏர் லாக், அதாவது கூலண்ட் பாதையில் ஏர் அடைத்துக்கொண்டது. சென்சார் தண்ணீரில் மூழ்காமல் நீராவியில் நிற்கும்போது சூட்டைக் குறைத்துக் காட்டும். திடீரெனத் தண்ணீர் வந்து தொட்டதும் 20 டிகிரி எகிறும். வெளிச்சந்தை ரேடியேட்டரில் இது அதிகம் வரக் காரணம், அதன் மூடிவாய் பழையதைவிடத் தாழ்ந்துவிடுவதுதான். இன்ஜினின் உச்சியைவிட மூடி தாழ்ந்திருந்தால் ஏர் மேலேயே தங்கிவிடும்.

பழைய கூலண்டை வடிக்கும்போது எத்தனை லிட்டர் வந்தது என்று அளந்துவையுங்கள். பழையது 6 லிட்டர், புது ரேடியேட்டர் கூடுதலாக 1.5 லிட்டர் பிடிக்கும் என்றால் 7.5 உள்ளே போக வேண்டும். 6.3 தான் போனது என்றால் மீதி 1.2 லிட்டர் ஏர்.

முன்பக்கத்தை ரேம்ப்பில் ஏற்றி, மூடிவாய் உச்சியில் வரும்படி நிறுத்துங்கள். ஹீட்டர் முழுச் சூட்டில். மூடிவாயில் அதற்கேற்ற அடாப்டர் வைத்த கசியாத புனலை மாட்டி, பாதி வரை ஊற்றுங்கள். மெதுவாக, நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல் வேண்டாம். இரண்டு ஹோஸையும் அமுக்கி அமுக்கி விட்டால் குமிழ் கிளம்பும். ஏர் எடுக்கும் ஸ்க்ரூ இருந்தால் குமிழ் இல்லாமல் நேர்த்தாரையாக வரும்வரை திறந்துவைத்து மூடுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள். அவ்வப்போது 1,500க்கு ஏற்றலாம், அதற்கு மேல் போகாதீர்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் புனலில் மட்டம் சட்டென்று இறங்கும், கீழ் ஹோஸ் சூடாகும். ஃபேன் இரண்டு முறை ஓடி நின்று, குமிழ் அடங்கிய பிறகு இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, மூடியைப் போடுங்கள். மறுநாள் காலையில் ஆறிய வண்டியில் மட்டம் பார்ப்பது கட்டாயம். 200, 300 மில்லி குறைந்திருப்பது சகஜம்.

தெர்மோஸ்டாட்டில் ஆடும் சிறு முள் இருந்தால் அது உச்சியில், 12 மணி நிலையில் இருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் எத்தனை முறை ஏர் எடுத்தாலும் தீராது.

இரண்டு முறை ஒழுங்காக எடுத்த பிறகும் ஏர் திரும்ப வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல்லாகிறதா? நீலத் திரவச் சோதனைக் குழலை மூடிவாயில் வைத்து உறிஞ்சுங்கள். நீலம் மஞ்சளானால் எரிந்த புகை கூலண்டுக்குள் வருகிறது. ரேடியேட்டரோடு மல்லுக்கட்டுவதை அங்கேயே நிறுத்திவிடலாம்.

கூலண்ட் உபரி பாட்டிலுக்குப் போகிறது, திரும்பி வருவதில்லை

மூடிதான். மூடிவாயின் ஆழம் எல்லா ரேடியேட்டருக்கும் ஒன்றல்ல, மூடியிலும் சிறியது பெரியது உண்டு. ஆழமான வாயில் குட்டையான மூடியைப் போட்டால் அடி ரப்பர் உள்ளே இருக்கும் இருக்கையைத் தொடாது, 1.1 பார் என்று எழுதியிருந்தாலும் அழுத்தம் நிற்காது. ரப்பரில் மெல்லிசாக கிரீஸ் தடவி, மூடி, திறந்து பாருங்கள். இருக்கையில் முழு வட்டம் பதிந்திருக்க வேண்டும். பிறை வடிவில் பதிந்தாலும், பதியவே இல்லை என்றாலும் மூடி தவறானது, அல்லது இருக்கை வளைந்திருக்கிறது.

வெளியே போனது திரும்ப வராததற்கு மூடியின் நடுவிலுள்ள சின்ன உறிஞ்சு வால்வு ஒட்டிக்கொண்டதோ, பாட்டில் டியூப் அடிவரை மூழ்காததோ, அதில் கீறல் விழுந்ததோ காரணம். ஆறும்போது தண்ணீருக்குப் பதில் காற்றை இழுத்துக்கொள்ளும். பிரஷர் டேங்க் உள்ள வண்டியில் ரேடியேட்டரிலும் ஒரு மூடி இருந்தால், அழுத்தம் குறைந்த மூடி எதுவோ அதுதான் திறக்கும். ரேடியேட்டரில் வால்வு இல்லாத அடைப்பு மூடியைப் போடுங்கள். 1.3 பார் மூடி போட்டு ஒப்பேற்றுவது கொதிப்பைத் தள்ளிப்போடுமே தவிர சூட்டைக் குறைக்காது. வயதான ஹீட்டர் கோர் முதலில் விரியும்.

கசிவு

சென்சார் அடியில் ஈரம் என்றால் மரையைப் பாருங்கள். எட்டில் ஓர் அங்குல என்பிடி (அமெரிக்க) மரையில் அங்குலத்துக்கு 27 சுற்று, பிஎஸ்பியில் (பிரிட்டிஷ்) 28 சுற்று. மரையின் கோணமும் 60, 55 என்று வேறுபடும். ஒன்றில் மற்றது இரண்டு மூன்று சுற்று நன்றாகவே ஏறி, பிறகு இறுகும். டெஃப்லான் டேப்பைச் சுற்றி முறுக்கினால் அலுமினிய மரை கிழியும். சரியான அடாப்டர் வாங்குவதே வழி.

ஹோஸ் முனையில் கசிந்தால் கிளாம்ப், குழாயின் புடைப்புக்கு உட்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். புடைப்பின் மேலேயே முறுக்கினால் நிற்காது. 32 மில்லிமீட்டர் வாயில் 35 ஹோஸை இறுக்கி அடக்குவதும் நிற்காது. சிலிக்கான் ஹோஸுக்குத் துளையில்லாத பட்டை கிளாம்ப். துளையுள்ளது அதை வெட்டும். இரண்டு முறை சூடாகி ஆறிய பிறகு ஒருமுறை மறுபடி முறுக்குங்கள்.

டேங்க் மூலை வெல்டிங்கில் கீறல் விழுந்தால் பற்றவைப்பது பாதி வேலைதான். ரேடியேட்டரை போல்ட்டால் நேராக பாடியில் இறுக்கியிருப்பார்கள். வளைவில் பாடி முறுக்கும்போது அந்த முறுக்கை வெல்டிங் வாங்குகிறது. கீழே ரப்பர் புஷ், மேலே ரப்பர் புஷ், கையால் ஆட்டினால் ஓரிரு மில்லிமீட்டர் அசைய வேண்டும்.

ஃபின்களுக்கு நடுவே ஊசி முனை அளவில் கசிந்து, சுற்றிலும் வெள்ளைப் பொடி படிந்தால் கரண்ட் அரிப்பு. மல்டிமீட்டரின் நெகட்டிவை பேட்டரி நெகட்டிவில் வைத்து, பாசிட்டிவ் முனையை, மூடிவாயில் உலோகத்தைத் தொடாமல், கூலண்டில் மட்டும் முக்குங்கள். 0.1 வோல்ட் வரை கவலை இல்லை. 0.3 தொட்டால் அலுமினியம் கரைகிறது. ஃபேன், லைட், ஸ்டார்ட்டர் என்று ஒவ்வொன்றாக ஓடவிட்டு, எதை ஓடவிடும்போது எண் எகிறுகிறதோ அதன் எர்த்தைச் சரிசெய்யுங்கள். ரேடியேட்டரில் எர்த் எடுக்க வேண்டாம் என்றது இதற்காகத்தான். எண் குறையவே இல்லை, எல்லாம் அணைத்தும் அப்படியே இருக்கிறது என்றால் கூலண்ட் செத்துவிட்டது. வடித்துக் கழுவிப் புதிது ஊற்றுங்கள். பழைய பச்சையோடு புது ஆரஞ்சைக் கலக்க வேண்டாம், சில வகைகள் சேர்ந்தால் கூழாகும்.

சூடே ஏறவில்லை

நெடுஞ்சாலையில் 65, 70 டிகிரியிலேயே நின்றால் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டது, அல்லது யாரோ கழற்றிவிட்டார்கள். இசியு இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று எண்ணிப் பெட்ரோலைக் கூட்டும், ஆயிலில் பெட்ரோல் இறங்கும். பைபாஸ் (ரேடியேட்டரைத் தொடாமல் இன்ஜினுக்கே திரும்பும் பாதை) உள்ள இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் சூடான தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸிலேயே சுற்றி, லோடில் சூடு ஏறவும் செய்யும். புதிதாக ஒன்றைப் போடுங்கள். போடுவதற்கு முன் பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவைத்து, தெர்மாமீட்டரோடு அதைத் தொங்கவிட்டு, எழுதிய டிகிரியில் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஆட்டோ கியர் வண்டியில் கியர் நழுவினால்

பழைய ரேடியேட்டரின் கீழ் டேங்கில் கியர் ஆயில் கூலர் இருந்திருக்கும். மேனுவல் வண்டிக்கான புது ரேடியேட்டரில் அது இருக்காது. இரண்டு ஆயில் வாயையும் ஒரு டியூபால் இணைத்து விட்டிருந்தால் உடனே தனி ஆயில் கூலர் போடுங்கள், அதுவரை ஓட்ட வேண்டாம். டிப்ஸ்டிக்கில் ஆயில் ரோஜா நிறப் பாலாக வந்தால் உள் கூலர் உடைந்து கூலண்ட் கியர்பாக்ஸுக்குள் போயிருக்கிறது. அந்த நிலையில் இன்ஜினை ஸ்டார்ட்கூடச் செய்யாமல் இழுத்துக்கொண்டு போங்கள்.